நாங்கள் ஆமென் சொன்ன வசனம்

1

போன வாரம் எங்கள் சபைச் செயலாளர் தேவதாசன் ஐயா போன் செய்தார். "சிஸ்டர், இந்த வருஷம் நீங்க கார்டு எழுத வேணாம். கோலாலம்பூர்ல பிரிண்ட் போட்டதே கெடைக்குது, ஆர்டர் பண்ணிட்டோம். ஒங்களுக்கும் வயசாகுது, கண்ணுக்கு எதுக்கு செரமம்?" என்றார். என் கண்மேல் அவருக்கு இவ்வளவு அக்கறை இருப்பது இத்தனை வருடமாக எனக்குத் தெரியாமல் போயிற்று. சரி ஐயா என்று சொல்லி போனை வைத்தேன். அன்று முழுவதும் ஒரு வேலையும் ஓடவில்லை.

வாக்குத்தத்தக் கார்டு என்றால் என்னவென்று ஊரில் இதை வாசிக்கும் நம் சபைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தாண்டு ஆராதனையில் வேத வசனம் எழுதிய கார்டுகளை ஒரு தட்டில் கவிழ்த்து வைத்திருப்பார்கள். குடும்பத்துக்கு ஒருவர் வந்து ஒன்றை எடுக்க வேண்டும். கையில் எது வருகிறதோ அதுதான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அந்த வீட்டுக்குக் கொடுக்கும் வாக்கு. இங்கே எங்கள் கோலசிலாங்கூர் சபையில் கூடுதலாக ஒரு பழக்கம் உண்டு. எடுத்தவர் அதைச் சத்தமாக வாசிக்க வேண்டும். போதகர் அந்த வசனத்தைச் சொல்லியே அந்தக் குடும்பத்துக்காக ஜெபிப்பார். சபை முழுவதும் ஆமென் சொல்லும். சின்னச் சபைதானே, இதற்கெல்லாம் நேரம் இருக்கிறது.

கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று அந்தக் கார்டுகளை எழுதும் வேலையை என் தலையில் கட்டினார்கள். நானும் சந்தோஷமாகவே செய்தேன். பலாப்பழத்தில் சுளையை எடுத்துக்கொண்டு சடையைத் தள்ளுவது போல வசனம் பொறுக்குவேன். ஏசாயாவில் பயப்படாதே என்று வரும் இடங்கள், எரேமியாவில் நல்ல காலம் வரும் என்று சொல்லும் அந்த ஓரிடம், அப்படி. எரேமியா அதற்கு முன்னும் பின்னும் தொண்டை கிழியக் கத்தியதெல்லாம் சடைக்குப் போய்விடும். ஆமோஸ் பக்கம் போனதே இல்லை. அவர் கார்டுக்கு ஆகிற மாதிரி எதையும் சொல்லி வைக்கவில்லை.

2

நான் நாசரேத் பெண். இங்கே ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். இயேசு வளர்ந்த ஊர் இல்லை, திருச்செந்தூர் பக்கத்து நாசரேத் என்று சொன்னதும் முகம் வாடிவிடும். ஜெயராஜைக் கட்டிக்கொண்டு கோலசிலாங்கூர் வந்தேன். அவர் தஞ்சோங் காராங்கில் ஓர் அரிசி ஆலையில் மின்சார வேலை பார்க்கிறார். வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை வழியில் ஒருவரிடம் "ஐயர் வீடு எங்கே?" என்று கேட்டேன். நம் பக்கம் போதகரை வேறு எப்படிச் சொல்வோம்? அவர் மிகுந்த மரியாதையோடு என்னை மாரியம்மன் கோயில் குருக்கள் வீட்டு வாசலில் கொண்டுபோய் விட்டார். குருக்களின் மனைவி காப்பி கொடுத்து அனுப்பினார்.

அதன் பிறகு பல வருடம் என் வாழ்க்கையில் பாதி குடிநுழைவு அலுவலகத்தில் கழிந்தது. விசாவை நீட்டிக்கக் கணவரும் கூடவே வர வேண்டும். அதிகாரி கேள்வியை எனக்காகக் கேட்பார், முகத்தைக் கணவர் பக்கம் வைத்துக்கொள்வார். "துங்கு செகெஜாப்" என்பார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். அதை நம்பி நிற்கிறவர்கள் மதியச் சாப்பாட்டை மறந்துவிட வேண்டும். இப்போது என்னிடம் சிவப்பு ஐசி, அதாவது சிவப்பு அடையாள அட்டை இருக்கிறது. நிரந்தரவாசி, ஆனால் குடிமகள் இல்லை. கணவருக்கும் மகளுக்கும் நீலம். வீட்டில் நான் ஒருத்திதான் சிவப்பு.

தீர்க்கதரிசிகள் ஓயாமல் மூன்று பேரை இழுத்துக்கொண்டு வருவார்கள்: விதவை, திக்கற்ற பிள்ளை, வேறு தேசத்திலிருந்து வந்த பரதேசி. இவர்களை ஒடுக்காதே என்று ராஜாவிடமும் சொல்வார்கள், ஆசாரியனிடமும் சொல்வார்கள். ஊரில் இருந்தவரை பரதேசி என்பது எனக்கு ஒரு வசவு. பக்கத்து வீட்டுப் பையன் கொய்யாக்காய் திருடினால் அப்படித்தான் ஏசுவேன். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றபோதுதான் அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்று உறைத்தது.

சின்ன வயதில் வேதப் போட்டியில் "ஆமோஸ் யார்?" என்று கேட்டார்கள். தெக்கோவா ஊர் மேய்ப்பன், காட்டத்திப் பழம் பொறுக்குகிறவன் என்று மூச்சுவிடாமல் சொல்லி ஓர் எவர்சில்வர் டப்பா வாங்கினேன். அவர் யாரிடம் போய் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டப்பா கைமாறியிருக்கும். அதே சபையில் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் முதல் பூசணிக்காயை யார் அதிகத்துக்கு எடுக்கிறாரோ அவருக்கு முன்வரிசை நாற்காலி. அவருடைய வயலில் அந்தப் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள் பின்னால் பாயில் இருந்தார்கள். அது எனக்கு அன்றைக்குத் தப்பாகத் தெரியவில்லை, ஏலம் போடுகிறவர் வேடிக்கையாகப் பேசுவார், அதையே பார்த்துக்கொண்டிருப்போம்.

3

என் மகள் அபி ஷா ஆலமில் கல்லூரியில் படிக்கிறாள். ஆரம்பப் பள்ளி தமிழில் படித்ததால் எழுத வாசிக்கத் தெரியும். ஆனால் தமிழ் வேதத்தைத் தொடமாட்டாள். கேட்டால், "அந்த தமிழ் ரொம்ப கஷ்டம்மா, நான் போன்ல இங்லிஷ்ல படிச்சிக்கிறேன் லா" என்பாள். படிக்கிறாளா, பாட்டு கேட்கிறாளா, யாருக்குத் தெரியும்? பிள்ளை வேதத்தை விட்டுப் போகிறாளே என்று நான் முழங்காலில் நின்று அழுத நாட்கள் உண்டு.

போன டிசம்பரில் என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நாசரேத் வந்திருந்தேன் அல்லவா, அப்போது கார்டு எழுதும் வேலை அவளிடம் போயிற்று. "ஏசாயா, எரேமியா, அந்தத் தீர்க்கதரிசிகள் பக்கம் எடுத்துக்கோ. வீட்டுக்கு ஒரு வசனம். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுது" என்று போனில் சொன்னேன். எனக்கு மனதுக்குள் ஒரே பெருமை. எப்படியோ தமிழ் வேதத்தைத் திறக்க வைத்துவிட்டேன் என்று கல்யாண வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஊரிலிருந்து திரும்பிய அன்று கார்டுகள் மேசைமேல் இருந்தன. முத்து முத்தான எழுத்து, ஓரத்தில் வண்ணப் பூக்கள். களைப்பில் ஒன்றைக்கூட வாசிக்கவில்லை. ரப்பர் பேண்டு போட்டுப் போதகரிடம் கொடுத்துவிட்டேன். வாக்குத்தத்தக் கார்டில் இனிப்பான வசனம் மட்டும்தான் போடுவோம் என்று நான் அவளுக்குச் சொல்லவில்லை. அதை யாரும் யாருக்கும் சொல்வதில்லை, தானாகத் தெரிந்துகொள்ள வேண்டியது.

4

புத்தாண்டு காலையில் முதலில் எடுத்தவர் பாட்டுக்குழுத் தலைவர். உங்கள் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்றுங்கள் என்று ஆண்டவர் ஆமோஸ் மூலமாகச் சொல்கிற வசனம் அவருக்கு வந்தது. அவர் முந்தின வாரம்தான் புதிய கீபோர்டு வாங்கியிருந்தார். சபையில் சிரிப்பு. போதகர் தொண்டையைச் செருமி எதையோ ஜெபித்தார். ஆமென் சொன்னோம். நான் அபியைப் பார்த்தேன். அவள் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்து தேவதாசன் ஐயா. வீட்டோடு வீட்டைச் சேர்த்து, வயலோடு வயலைக் கூட்டி, மற்றவருக்கு இடமே இல்லாமல் பண்ணுகிறவர்களுக்கு ஐயோ என்று ஏசாயா சொல்கிறது. அவர் பாதி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எழுத்து சரியா தெரியல பாஸ்டர்" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துவிட்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவர் லோரி வைத்து ஒப்பந்த வேலை எடுப்பவர். பெஸ்தாரி ஜெயா பக்கம் பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தை வீடமைப்புக் கம்பெனிக்கு விற்றிருந்தார்கள். அங்கே தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து அள்ளுகிற வேலையை அவர்தான் எடுத்திருந்தார் என்பது சபை முழுவதற்கும் தெரியும்.

அந்த லயத்தில் குடியிருந்தவர்தான் மூன்றாவதாக எழுந்து வந்தார், ஞானம் அக்கா. அந்தத் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்குகிற வேலை பார்த்தவர். மீதியிருந்த குடும்பங்களுக்கு வேறிடத்தில் வீடு கட்டித் தருவதாகக் கம்பெனி வாயால் சொல்லியிருந்தது. அஸ்திவாரம்கூடப் போடவில்லை, அதற்குள் காலி செய்யுங்கள் என்றுவிட்டார்கள். ஞானம் அக்கா எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். என் ஜனத்தின் பெண்களை அவர்களுக்குப் பிரியமான வீடுகளிலிருந்து துரத்துகிறீர்கள் என்று மீகா சொல்கிற இடம். வாசித்து முடித்து இன்னொரு முறை வாசித்தார்.

"பாஸ்டர், இது எங்க லயத்த பத்திதானே?" என்று கேட்டார்.

போதகர் கார்டை வாங்கித் தானும் வாசித்தார். அவர் இளைஞர், நல்லவர், யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். ஞானம் அக்காவின் தலையில் கை வைத்து ஜெபித்தார். அன்றைக்கு அவர் ஜெபித்த மாதிரி அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆண்டவரே, இந்த வீட்டை நீர் பார்த்திருக்கிறீர், இந்தச் சகோதரி எழுதாத மனுவை நீரே எழுதியிருக்கிறீர் என்றார். சபை முழுவதும் ஆமென் சொன்னது, கூரைத் தகரம் அதிரும்படி. தேவதாசன் ஐயாவும் சொன்னார், எனக்குக் கேட்டது. அந்த ஆமெனில் பொய் இல்லை என்றே இன்றும் நினைக்கிறேன். அதனால்தான் இவ்வளவு வருத்தம்.

வீட்டுக்கு வந்ததும் அபியைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, நல்ல நாளும் அதுவுமா எல்லாரையும் இப்படிச் சபிச்சு வச்சிருக்கியே."

"நீங்கதானே ப்ராஃபெட்ஸ்லேருந்து எடுக்க சொன்னீங்க? அங்க எல்லாம் இப்படித்தான் இருக்கு."

"ஆறுதலான வசனமாப் பார்த்து எடுக்கணும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

"அப்ப மத்ததெல்லாம் எதுக்கும்மா பைபிள்ல இருக்கு?" பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "மொதல் ரெண்டு மூணு கார்டு சும்மாதான் பார்த்து எழுதினேன். அதுக்கப்புறம் என்ன எழுதறேன்னு தெரிஞ்சுதான் எழுதினேன்."

ஜெயராஜ் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து, "படிக்கல படிக்கலன்னு அழுதியே, இப்ப படிச்சிருச்சு" என்றார்.

5

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து சபைக் குழு கூடியது. ஞாயிறு பள்ளி டீச்சர் என்ற முறையில் நானும் அதில் இருக்கிறேன். ஞானம் அக்கா வாசலில் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நீங்க எல்லாரும் ஆமென் சொன்னீங்க" என்றார். "லோரி வர்ற அன்னிக்கு வந்து கூட நில்லுங்க. சண்ட போட வேணாம். ஒரு பாட்டு பாடுங்க, போதும். வீடு கட்டி முடியிற வரைக்கும் ஒடைக்காதீங்கன்னு பாஸ்டர் ஒரு வார்த்த கேட்டா அவனுங்க கேப்பானுங்க. நாங்க கேட்டா எங்க மதிக்கிறானுங்க?"

சொல்லிவிட்டு, குழு பேசட்டும் என்று வெளியே போய்விட்டார். தேவதாசன் ஐயா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நானும் லயத்துல பொறந்தவன்தான். எங்கம்மா ரப்பர் பால்மரம் சீவுனவங்க. மழ பேஞ்சா பாய சுருட்டிக்கிட்டு நிப்போம். அந்த வீடு ஒடையுதுன்னு எதுக்கு அழுவணும்? நான் இந்த வேலைய எடுக்கலன்னா இன்னொருத்தன் எடுப்பான். சர்ச் பொலிடிக்ஸ்ல எறங்கக் கூடாது" என்றார்.

"வீடு கட்டின பிறகு உடைக்கலாமே ஐயா" என்றேன்.

"சிஸ்டர், நீங்க ஊர்லேருந்து வந்தவங்க. இங்க உள்ள நெலம ஒங்களுக்குப் புரியாது. ஒங்க ஊர்ல இல்லாத அநியாயமா? அங்க போயி பேசுங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பிறகு வீட்டில் ஆமோஸை எடுத்து முதல் தடவையாக முழுவதும் வாசித்தபோது சிரிப்பு வந்தது. பெத்தேல் ஆசாரியன் அமத்சியா அவரிடம் அதையேதான் சொல்கிறான். உன் யூதா தேசத்துக்குப் போ, அங்கே அப்பம் தின்று அங்கே தீர்க்கதரிசனம் சொல், இது ராஜாவின் கோயில் என்கிறான். ஆமோஸ் பயப்படவில்லை, பதிலுக்குப் பதில் கொடுத்தார். நான் குழுக் கூட்டத்தில் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

கடைசியில் ஒருமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள். லோரி வரும் நாளில் சபையில் உபவாச ஜெபம். ஞானம் அக்காவின் வீட்டுக்காக எல்லோரும் சாப்பிடாமல் இருந்து ஜெபிப்பது. எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர், "ஜெபம் முடிஞ்சி வருவீங்களா?" என்று கேட்டார். போதகர் பார்க்கலாம் என்றார். அந்த வார்த்தையை அவர் வருவோம் என்று எடுத்துக்கொண்டு தோட்டம் முழுவதும் சொல்லிவிட்டார்.

அந்த நாள் காலையில் நான் உபவாசத்துக்குப் போகவில்லை. அபி லயத்துக்குப் போவதாகச் சொன்னாள். அவளைத் தனியே விட மனமில்லை. "நீ செவப்பு ஐசி. எதுலயாவது மாட்டுனா திரும்ப அந்த ஆபீஸ்ல போயி நிக்கணும். காருக்குள்ளயே இரு, எறங்காத" என்று ஜெயராஜ் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே ஓட்டினார். லயத்து முன்னால் வந்து நிறுத்தியதும் முதலில் இறங்கினவர் அவர்தான். பிறகு நானும் இறங்கினேன். அபி ஓடிப்போய் ஞானம் அக்கா பக்கத்தில் நின்றுகொண்டாள். லயத்துப் பெண்கள் இருந்தார்கள். தோட்டத்து அம்மன் கோயிலில் பூசை செய்கிற அண்ணன் இருந்தார். அவர் திருநீறோடு வந்து, "என்ன பாட்டு பாடுவீங்க? சொல்லிக்குடுங்க, நானும் பாடுறேன்" என்றார்.

என் ஐசியை யாரும் கேட்கவில்லை. போலீஸ் வரவில்லை. கம்பெனியிலிருந்து ஒரு தமிழ்ப் பையன்தான் வந்தான், மேற்பார்வையாளன், பணிவாகப் பேசினான். எங்களை ஒரு முறை பார்த்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

"ஒங்க சர்ச்சுலேருந்து ஒரு கூட்டம் பாஸ்டரோட வருதுன்னு சொன்னாங்களே ஆண்ட்டி? மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். சர்ச்காரங்க வந்தா இன்னிக்கு தொட வேணாம், பேசி முடிவு பண்ணிக்கலாம்னாரு" என்றான்.

"அவங்க ஜெபம் பண்றாங்க" என்றேன்.

"அப்ப இவ்ளோ பேருதானா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்சம் தள்ளிப்போய் போன் பேசினான். லோரிகள் உள்ளே வந்தன. எங்கள் போதகருக்கு நான் போன் செய்தேன். ஜெபத்தில் இருக்கும்போது எல்லோரும் போனை அணைத்து வைப்பது வழக்கம். ஞானம் அக்கா சாமான்களைத் தூக்கிக்கொண்டே அடிக்கடி ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். வேறெதையும் நான் மறந்துவிடலாம், அதை மறக்க முடியவில்லை.

ஜெயராஜுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் நாட்களில் தஞ்சோங் காராங் வாய்க்கால் ஓரமாகக் காத்திருப்பேன். மதகைத் திறந்தால் தண்ணீர் வரும், மூடினால் நின்றுவிடும், எல்லாம் முறை வைத்துத்தான். நியாயம் தண்ணீரைப்போலவும் நீதி வற்றாத ஆற்றைப்போலவும் ஓடட்டும் என்று ஆமோஸ் கேட்டார். நாங்கள் புத்தாண்டு காலையில் திறந்தோம், லோரி வந்த காலையில் மூடினோம். கூட நின்று ஒரு பாட்டு பாடுவதைத்தான் எங்களிடம் கேட்டார்கள். அது எங்களால் முடிகிற காரியம், அதைத்தான் நாங்கள் தினமும் செய்கிறோம்.

6

லயத்துக் குடும்பங்கள் சிதறிப்போயின. சிலர் கெர்லிங் பக்கம் உறவினர் வீட்டுக்குப் போனார்கள். ஞானம் அக்கா புக்கிட் பெருந்துங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வாடகைக்குப் போனார். அங்கிருந்து எங்கள் சபைக்கு வந்துபோக பஸ் வசதி சரியில்லை. போதகர் அதற்குப் பிறகு தீர்க்கதரிசனப் புத்தகங்களிலிருந்து பிரசங்கம் செய்யவில்லை. சங்கீதங்களையும் ரூத்தையும் சுற்றி வருகிறார். அவர் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் தைரியம் இல்லை.

அபி சபைக்கு வருவதை நிறுத்திவிட்டாள். "ஜெபம் பண்றத நான் விடலம்மா. அங்க வர்றத விட்டுட்டேன், அவ்ளோதான்" என்றாள். கல்லூரித் தோழிகளோடு, இந்துப் பிள்ளைகள்தான், தோட்டத்துக் குடும்பங்களுக்கு அரசாங்க அலுவலகங்களில் அலைந்து உதவி செய்கிறாள். "துங்கு செகெஜாப்" என்று அவளை உட்கார வைக்க முடியவில்லையாம். ஊரிலிருந்து நீங்கள் போன் செய்யும்போதெல்லாம் பிள்ளை கோயிலுக்கு ஒழுங்காகப் போகிறாளா என்று கேட்கிறீர்கள். இத்தனை மாதம் போகிறாள் என்று சொல்லி வந்தேன். போகவில்லை. பிள்ளைகள் வெளிநாட்டில் கெட்டுப்போகிறார்கள் என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். இவள் கெட்டுப்போகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் என் பக்கத்து இடம் காலியாக இருக்கிறது, அது எனக்கு வலிக்கிறது. அந்த இடத்தைக் காலி செய்தது நாங்கள்தான் என்பது இன்னும் வலிக்கிறது.

தேவதாசன் ஐயா போன் செய்த மறுநாள் நானும் அபியும் ஞானம் அக்காவைப் பார்க்கப் போனோம். நாலாவது மாடி. ஏறி முடிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அக்காவும் இப்போதெல்லாம் தேவையில்லாமல் கீழே இறங்குவதில்லையாம். இளைத்திருந்தார். பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்குகிற வேலை. தோட்டத்து வீட்டில் அவர் வைத்திருந்த முருங்கையும் கறிவேப்பிலையும் இல்லாமல் கடையில் வாங்கிய கீரையில் எங்களுக்குக் குழம்பு வைத்தார். ருசி மாறிப்போச்சு என்று அவரே மூன்று தடவை சொன்னார். நன்றாகத்தான் இருந்தது.

சாப்பிட்டு முடித்ததும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வந்த வார்த்தைகளை எடுத்தேன். "அக்கா, அன்னிக்கு சபை வரலை. அது தப்பு" என்றேன். அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"அத விடுங்க டீச்சர். இப்ப அங்க எப்படி இருக்கு? அப்ப என்னால ஒரே பேச்சா, மனஸ்தாபமா இருந்துச்சே. செகரட்டரி ஐயாவோட யாரும் சண்ட போட்டுக்கலையே? எல்லாரும் சமாதானமா இருக்காங்களா?"

"இருக்காங்க அக்கா."

அவர் முகம் தெளிந்துவிட்டது. "ஸ்தோத்திரம். எங்க வீட்டுக்காக கேட்டத விட்டுட்டேன் டீச்சர். என்னால சபை ஒடஞ்சிறக் கூடாதுன்னு மட்டும் தெனம் ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தேன்" என்றார்.

அபி எழுந்து வெளியே நடைபாதைக்குப் போய்விட்டாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு கழுவப் போனேன். ஞானம் அக்காவின் அந்த ஜெபம் கேட்கப்பட்டிருக்கிறது. சபையில் நாங்கள் எல்லோரும் சமாதானமாக இருக்கிறோம்.